போருக்கு அனுமதி யாருக்கு?

நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலையின் அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கின்றது. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகின்ற அந்த மலைக்குச் சங்க காலத்தில் வல்வில் ஓரி என்பவன் தலைவனாக இருந்தான். அவன் எய்த ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் என்னும் புலவர் புறநானூற்றில் பாடி வைத்திருக்கிறார். ஆடி மாதத்தில் மலைமேல் அவன் பெயரால் அரசு விழா எடுக்கின்றது. செம்மேட்டில் அவனுக்குச் சிலையும் உண்டு. அவனுடைய வில்லும் கொடையும் பேசப்படுகின்ற அளவுக்கு, அவன் இறந்த விதம் சிந்திக்கப்படுவதில்லை என்பது நமது எண்ணம்.

மார்க்கப் பத்திரிகையில் சங்க காலக் கதை எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கக் கூடும். காரணம் இதுதான். ஜிஹாத் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மைச் சுற்றியிருக்கும் பிற சமயச் சகோதரர்களில் பலர் முகம் சுளிக்கின்றனர். நம்முடைய வாலிபர்களில் சிலரோ பத்ரையும் உஹதையும் வெறும் வீரக் கதைகளாகவே கேட்டு வளர்ந்திருக்கின்றனர். எந்தப் போருக்கு அல்லாஹ் அனுமதி கொடுத்தான், அந்த அனுமதிக்கு எத்தனை வேலிகளைப் போட்டான் என்பதை இரு சாராரும் விளங்கிக் கொள்ளவில்லை. நம் மண்ணிலேயே நடந்த ஒரு போரை எடுத்து ஷரீஅத்தின் தராசில் வைத்துப் பார்த்தால், அது எளிதில் விளங்கும்.

ஓரியைக் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூர் அவனுடைய ஊர். காரி சிறந்த வீரன். மூவேந்தர்களும் அவனுடைய துணையை நாடிப் பொருள் கொடுத்தனுப்புவார்களாம். அவன் எந்தப் பக்கம் நிற்கின்றானோ அந்தப் பக்கத்திற்கே வெற்றி என்ற நிலை. அப்படிப்பட்டவன் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேர மன்னனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகின்றது. ஓரி காரிக்கு இன்ன தீங்கு செய்தான் என்று அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் கிடையாது. மலை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பது மட்டுமே அதில் இருக்கின்றது.

கபிலர் பாடிய நற்றிணைப் பாட்டொன்றில் இன்னும் ஒரு செய்தி வருகின்றது. ஓரியைக் கொன்ற பிறகு காரி அவனுடைய ஊரின் பெருந்தெருவில் நுழைகின்றான். தெரு முழுவதும் ஓலமும் இரைச்சலுமாக எழுகின்றது. கபிலர் அதை ஓர் உவமையாகத்தான் சொல்லிச் செல்கின்றார். பாட்டின் பொருள் வேறு. ஆனால் உவமையாகச் சொன்னால் கேட்போருக்கு உடனே விளங்கும் என்ற அளவுக்கு அந்தத் தெருவின் ஓலம் நாடறிந்ததாக இருந்திருக்கின்றது. வென்றவனின் முரசைப் பாட நூறு புலவர்கள் உண்டு. தோற்றவர்களின் தெருவில் கேட்ட சத்தத்தைப் பாடியவர்கள் மிகக் குறைவு.

கதை அத்தோடு நிற்கவில்லை. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவலூரின் மேல் படையெடுத்துக் காரியை வென்றான். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை காரியின் பக்கம் நின்று தகடூரை முற்றுகையிட்டு அழித்தான். ஔவையாரின் நண்பனான அதியமான் அந்தப் போரில் மாண்டான். இவற்றில் எது முந்தி, எது பிந்தி என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு அது முக்கியமில்லை. கொல்லி, கோவலூர், தகடூர் என்று மூன்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குருதியில் நனைந்தன என்பதே செய்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ் மக்கள் போற்றுகின்ற கடையெழு வள்ளல்கள் பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி ஆகியோர். இந்த எழுவரில் மூவர் இந்த ஒரே சண்டையில் ஒருவரோடு ஒருவர் மோதியவர்கள். நான்காமவனாகிய பாரியை மூவேந்தர்கள் முற்றுகையிட்டு முடித்தார்கள். வந்தவர்க்கெல்லாம் தேரும் யானையும் வாரிக் கொடுத்த கைகள் இவை. அந்தக் கொடை அவர்களை இந்தப் போரிலிருந்து காப்பாற்றவில்லை, மக்களையும் காப்பாற்றவில்லை.

அவர்களுடைய மறுமையைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. அது அல்லாஹ்வின் அதிகாரம். நாம் எடை போடுவது செயலை மட்டுமே.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தோன்றிய அரபு நாட்டிலும் இதே நிலைதான் இருந்தது. பஸூஸ் என்ற பெண்மணியிடம் வந்து தங்கிய விருந்தாளியின் ஒட்டகத்தை ஒருவன் அம்பெய்து கொன்றான். அதற்காக பக்ர், தக்லிப் என்ற இரு கோத்திரங்கள் 40 ஆண்டுகள் போரிட்டதாக அரபிகள் சொல்லி வந்தார்கள். ஒட்டகம் செத்தது முதல் நாள். பிள்ளைகள் செத்தது 40 ஆண்டுகள்! எவன் நியாயக்காரன் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எவன் நம்மவன் என்றே கேட்பார்கள். நம்மவன் என்றால் வாளை உருவ வேண்டியது, அவ்வளவுதான்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இளமைப் பருவத்தில் நடந்த ஃபிஜார் போரும் இப்படிப்பட்டதே. அந்தப் போர் முடிந்த சிறிது காலத்தில் மக்காவில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. யமன் நாட்டைச் சேர்ந்த வணிகர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் பின் வாயில் என்ற குறைஷித் தலைவனிடம் விற்றார். அவன் பணம் கொடுக்காமல் ஏய்த்தான். அந்நியராகிய அவருக்கு மக்காவில் கோத்திரமும் இல்லை, வாளும் இல்லை. அவர் கஃபாவின் அருகே நின்று முறையிட்டார். அப்போது குறைஷிகளில் சில குடும்பத்தார் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடி, மக்காவில் அநீதி இழைக்கப்படுபவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும், அவருக்கு உரிமை கிடைக்கும்வரை அவர் பக்கமே நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். இதற்கே ஹில்ஃபுல் ஃபுளூல் என்று பெயர். இளைஞராயிருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் கலந்து கொண்டார்கள். நபித்துவம் கிடைத்த பின்னரும், அப்படியோர் உடன்படிக்கைக்கு இஸ்லாத்தில் அழைக்கப்பட்டாலும் தாம் இணங்குவதாகக் கூறினார்கள்.

ஃபிஜார் போரையும் ஹில்ஃபுல் ஃபுளூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது நம்மவனுக்காகச் சேர்ந்த கூட்டம். பின்னது பாதிக்கப்பட்டவனுக்காகச் சேர்ந்த கூட்டம். காரி சேர்ந்தது எந்தக் கூட்டத்தில்?

இனி அனுமதியின் வரலாற்றுக்கு வருவோம். மக்காவில் 13 ஆண்டுகள் முஸ்லிம்கள் அடிபட்டார்கள். ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் கிடத்தப்பட்டார்கள். ஹழ்ரத் சுமைய்யா (ரலி) அவர்கள் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு குடும்பமே ஊர்விலக்கம் செய்யப்பட்டு, கணவாயில் இலை தழைகளைத் தின்று காலம் கழித்தது. அப்போதெல்லாம் வாளெடுக்க அனுமதியில்லை. கைகளைத் தடுத்துக் கொள்ளுங்கள், தொழுகையை நிலைநாட்டுங்கள் என்பதே கட்டளையாக இருந்தது. வீட்டையும் சொத்தையும் விட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபின், துரத்தியவர்கள் அங்கேயும் விடாமல் தொடர்ந்தபோதே அனுமதி இறங்கிற்று. போர் பற்றி முதன்முதலில் அருளப்பட்ட வசனம் அதுவே என்று ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள்.

அந்த வசனத்தில் (22:39) அனுமதி யாருக்கு என்பதோடு, அதற்கான காரணமும் சேர்த்தே சொல்லப்படுகின்றது. அவர்கள் மீது போர் தொடுக்கப்பட்டிருக்கின்றது. அவர்கள் அநீதி இழைக்கப்பட்டவர்கள். அதற்கடுத்த வசனம், எங்கள் இறைவன் அல்லாஹ் என்று சொன்னதைத் தவிர வேறு குற்றமின்றி வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள் என்று கூறுகின்றது. மேலும், மனிதர்களில் சிலரைச் சிலரைக் கொண்டு அல்லாஹ் தடுக்காதிருந்தால் துறவிகளின் மடங்களும், கிறிஸ்தவர்களின் ஆலயங்களும், யூதர்களின் ஆலயங்களும், பள்ளிவாசல்களும் இடிக்கப்பட்டுப் போயிருக்கும் என்றும் கூறுகின்றது. வரிசையைக் கவனித்தீர்களா? பள்ளிவாசல் கடைசியாக வருகின்றது. போருக்கு அனுமதியளிக்கும் வசனத்திலேயே பிற சமயத்தாரின் வழிபாட்டு இடங்கள் காக்கப்பட வேண்டியவையாகச் சொல்லப்படுகின்றன. இணைவைப்போரைக் கொல்லுங்கள் என்ற வசனத்தை (9:5) மட்டும் துண்டாக வெட்டியெடுத்து வாதிடுகிறவர்கள் அதற்கு அடுத்த வசனத்தைப் படிப்பதில்லை. அவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, அவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிடும்படி அது கட்டளையிடுகின்றது.

அனுமதி கிடைத்த பின்னும் ஆசைக்கு இடமில்லை. எதிரியைச் சந்திக்க விரும்பாதீர்கள், அல்லாஹ்விடம் சுகத்தைக் கேளுங்கள், சந்திக்க நேர்ந்துவிட்டால் பொறுமையாக உறுதியோடு நில்லுங்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழி. போர் உங்களுக்கு வெறுப்பாயிருக்கும் நிலையில் கடமையாக்கப்பட்டிருக்கின்றது என்று திருமறையும் (2:216) கூறுகின்றது. அந்த வெறுப்பை அல்லாஹ் கடிந்து கொள்ளவில்லை. மனிதனுக்கு அது இருக்கத்தான் செய்யும், இருக்கவும் வேண்டும். போரில் இனிமை காண்பவனைப் பற்றித்தான் நாம் அஞ்ச வேண்டும்.

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஒருவன் பொருளுக்காகப் போரிடுகின்றான், ஒருவன் புகழுக்காகப் போரிடுகின்றான், ஒருவன் தன் வீரத்தைக் காட்டப் போரிடுகின்றான், இவர்களில் அல்லாஹ்வின் பாதையில் உள்ளவன் யார் என்று கேட்டார். அல்லாஹ்வின் வாக்கு மேலோங்குவதற்காகப் போரிடுபவனே என்று விடை வந்தது. மற்ற மூவரும் கழித்துவிடப்பட்டார்கள். இனவெறிக்காகக் கோபங்கொண்டு, நியாயம் தெரியாத குருட்டுக் கொடியின் கீழ் நின்று கொல்லப்பட்டவனின் மரணம் ஜாஹிலிய்யா மரணம் என்றும் முஸ்லிமில் ஹதீஸ் வந்துள்ளது. மறுமையில் முதன்முதலாக விசாரிக்கப்படுவோரில் போரில் மாண்ட வீரனும், வாரி வழங்கிய வள்ளலும் இருப்பார்கள். வீரன் என்று பெயரெடுக்கவும், வள்ளல் என்று பெயரெடுக்கவும் செய்த காரணத்தால் அவர்கள் நரகில் வீசப்படுவார்கள் என்பது இன்னொரு ஹதீஸ். வீரத்தையும் கொடையையும் ஒருசேரப் போற்றுகின்ற நம் தமிழ்ப் பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஹதீஸைக் கேட்டால் உடல் நடுங்கத்தான் செய்யும்.

ஆயினும், நண்பனுக்கு உதவுவது நல்ல குணம் அல்லவா, காரி அதைத்தானே செய்தான் என்று கேட்கலாம். இதற்கு நேர் விடை புகாரியிலேயே இருக்கின்றது. உன் சகோதரன் அநீதி செய்பவனாக இருந்தாலும் அநீதி செய்யப்பட்டவனாக இருந்தாலும் அவனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸஹாபாக்கள் திகைத்துப் போனார்கள். அநீதி செய்யப்பட்டவனுக்கு உதவுவது புரிகின்றது, அநீதி செய்பவனுக்கு எவ்வாறு உதவுவது என்று கேட்டார்கள். அவனை அநீதியிலிருந்து தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அறியாமைக் கால அரபிகள் பழமொழியாகச் சொல்லி வந்த அதே சொற்களை எடுத்து, அதன் பொருளைத் தலைகீழாக மாற்றிவிட்டார்கள்! காரி சேரனுக்குச் செய்திருக்க வேண்டிய உதவி எது? கொல்லிமலை வேண்டும் என்று கண் வைத்த நண்பனின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அவனுடைய சொல்லுக்கு மூவேந்தர் அவையிலும் மதிப்பிருந்தது. அவன் வேலைக் கொடுத்தான், சொல்லைக் கொடுக்கவில்லை.

போரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தனி மனிதனோ, நாலு பேர் கூடிய கூட்டமோ ஜிஹாத் என்று முழங்கிவிட ஷரீஅத்தில் இடமில்லை. அது ஆட்சித் தலைமையின் பொறுப்பு என்பதே ஃபுகஹாக்களின் முடிவு. தன் உயிரையும் பொருளையும் தாக்க வருபவனைத் தடுப்பது வேறு விஷயம். அது எவருக்கும் உள்ள உரிமை. நாட்டின் சட்டமும் அதை ஏற்கின்றது. இந்நாட்டின் குடிமக்களாக நாம் ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றோம். ஒப்பந்தத்தைக் காப்பது என்றால் என்ன என்பதை ஹுதைபிய்யாவில் பாருங்கள். ஹிஜ்ரீ 6-ஆம் ஆண்டு. மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனை பேசி முடிந்திருக்கின்றது, கையெழுத்துக்கூட முழுமையாகவில்லை. அந்த நேரத்தில் ஹழ்ரத் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் காலில் விலங்கோடு தட்டுத்தடுமாறி வந்து முஸ்லிம்களிடையே விழுகின்றார்கள். உமர் (ரலி) போன்றவர்களே பொறுக்க முடியாமல் துடித்த வேளை அது. நபி (ஸல்) அவர்கள் அவரைப் பொறுமையாயிருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வாக்குத் தவறவில்லை. நியாயமுள்ள பக்கத்திலும் இப்படி ஒரு விலை கொடுக்க நேரும்.

இனி, நியாயமான போரே ஆனாலும் அதில் நேரும் பாவங்களைப் பற்றிப் பார்ப்போம். நம் மேடைகளில் இந்தப் பகுதி அதிகம் பேசப்படுவதில்லை.

ஒரு போரில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்தாள். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடை செய்தார்கள். மற்றொரு படையெடுப்பில், ஹழ்ரத் உஸாமா பின் ஜைது (ரலி) அவர்கள் ஓர் எதிரியை மடக்கியபோது அவன் கலிமா சொன்னான். வாளுக்குப் பயந்து சொல்கின்றான் என்று எண்ணி உஸாமா (ரலி) அவனைக் குத்திவிட்டார்கள். செய்தியறிந்த பெருமானார் (ஸல்) அவர்கள், கலிமா சொன்ன பிறகா அவனைக் கொன்றாய் என்று கேட்டார்கள். உஸாமா (ரலி) காரணம் சொல்லச் சொல்ல, அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டேயிருந்தார்கள். அன்றைக்கு முன் நான் இஸ்லாத்தைத் தழுவாமலிருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும் அளவுக்கு உஸாமா (ரலி) வருந்தினார்கள். பெருமானார் மடியில் வைத்து வளர்த்த பிள்ளை அவர்! செல்லப் பிள்ளை என்பதற்காக அந்தக் கேள்வி நிற்கவில்லை.

முதல் கலீஃபா ஹழ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பியபோது, தளபதி யஜீத் பின் அபீசுஃப்யான் (ரலி) அவர்களுடன் நடந்து சென்றபடியே பத்துக் கட்டளைகள் இட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அவை காணப்படுகின்றன. பெண்ணையோ, குழந்தையையோ, முதியவரையோ கொல்லக் கூடாது. காய்க்கின்ற மரத்தை வெட்டக் கூடாது. குடியிருப்புகளைப் பாழாக்கக் கூடாது. உண்பதற்கன்றி ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கக் கூடாது. தேனீக்களை எரிக்கவோ சிதறடிக்கவோ கூடாது. மடங்களில் தனித்திருக்கும் துறவிகளை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது. போர்க்கால நெருக்கடியில் மரங்களை வெட்டலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் தேவை கருதி அனுமதித்தார்கள். இமாம் அவ்ஸாயீ (ரஹ்) அவர்கள் இந்தக் கட்டளையையே பிடித்துக் கொண்டு கூடாதென்றார்கள். அந்தச் சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். கொல்லிமலைத் தேனுக்கும் பலாவுக்கும் பெயர் போனது. சங்கப் பாட்டிலேயே அந்தப் பலா பாடப்பட்டிருக்கின்றது. அந்த மலைக்கு இந்தக் கட்டளையோடு ஒரு படை வந்திருந்தால், பலா மரமும் தேன்கூடும்கூட அதனிடம் பாதுகாப்புப் பெற்றிருக்கும்.

நம் காலத்திற்கும் வருவோம். இலங்கையில் தமிழர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி உண்மையானது. 1983 ஜூலையில் நடந்த கொடுமைகளை யாரும் மறைக்க முடியாது. ஆனால் அநீதி இழைக்கப்பட்டவன் என்ற தகுதி, எல்லை மீறுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. அவ்வாண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் பிறந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். இவர்களும் தமிழ் பேசுகின்றவர்கள்தாம். இதைச் சொல்லும்போது நம் குரல் உயர்கின்றது; உயரட்டும். ஆனால் அதே 1990-இல் கிழக்கு மாகாணத்தில், அரசு ஆயுதம் கொடுத்த ஊர்காவல் படையிலிருந்த முஸ்லிம்கள் சிலர், ஒன்றுமறியாத தமிழ்க் கிராம மக்களைப் பழிக்குப் பழி என்று கொன்றதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை, நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிடக் கூடாது என்ற இறைவசனம் (5:8) முஸ்லிம்களை நோக்கி இறங்கியது அல்லவா? 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது அதன் கடைசி மாதங்களில் மட்டும் பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இறந்தவர்களின் கணக்கை யார் பார்ப்பது?

அதற்கும் ஒரு முன்மாதிரி நம்மிடம் இருக்கின்றது. ஹிஜ்ரீ 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின், ஹழ்ரத் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா என்ற கோத்திரத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். போரிட அல்ல, இஸ்லாத்தின் பக்கம் அழைக்க. அந்த மக்களுக்கு இஸ்லாத்தை ஏற்றோம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மதம் மாறிவிட்டோம் என்ற பொருளில் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். அதைக் காலித் (ரலி) அவர்கள் ஏற்காமல், பலரைக் கொல்லவும் பிடிக்கவும் செய்தார்கள். பிடிபட்டவர்களைக் கொல்லும்படி கட்டளை வந்தபோது ஹழ்ரத் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள், தாமும் கொல்ல மாட்டோம், தம் தோழர்களும் கொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். ஜாஹிலிய்யாக் காலத்தில் அந்தக் கோத்திரத்தார் காலித் (ரலி) அவர்களின் சிறிய தந்தையைக் கொன்றிருந்தார்கள் என்பதும், அதைச் சுட்டிக்காட்டி ஹழ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் கடிந்து பேசினார்கள் என்பதும் வரலாற்று நூல்களில் இருக்கின்றன. தீர்மானித்ததில் நேர்ந்த பிழை அது, வேண்டுமென்று செய்ததன்று என்பதே உலமாக்களின் விளக்கம். நாமும் அதற்கு மேல் பேசமாட்டோம்.

செய்தி மக்காவுக்கு எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் உயர்த்தி, யா அல்லாஹ், காலித் செய்ததை விட்டும் நான் நீங்கியவன் என்று இருமுறை கூறினார்கள். பிறகு ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் பொருளைக் கொடுத்தனுப்பினார்கள். அலீ (ரலி) அவர்கள் அந்த ஊருக்குச் சென்று, கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் உயிரீடு கொடுத்தார்கள். சேதமான பொருள்களுக்கும் ஈடு கொடுத்தார்கள். நாய் தண்ணீர் குடிக்கும் மரப்பாத்திரத்திற்குக்கூட விலை கொடுத்தார்கள் என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) எழுதுகின்றார்கள். எல்லாம் கொடுத்து முடித்தபின், இன்னும் ஏதேனும் பாக்கி உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார்கள் அந்த மக்கள். கையில் இன்னும் கொஞ்சம் பொருள் மீதமிருந்தது. உங்களுக்கும் தெரியாமல், அல்லாஹ்வின் தூதருக்கும் தெரியாமல் ஏதேனும் விட்டுப் போயிருக்கலாம், அதற்காக இதையும் வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லி, அதையும் அவர்களிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். திரும்பி வந்து சொன்னபோது, நல்லதைச் செய்தீர், சரியாகச் செய்தீர் என்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்.